அடைப்புக்குறியை இழுக்காதீர்கள், அளந்து வளருங்கள்

சேலத்தில் டியூஷன் சென்டர்களுக்கு வினாத்தாள் அடித்துத் தரும் டிடிபி கடைகளில் இன்னும் இதைப் பார்க்கலாம். மூன்று வரிசை அணி (மேட்ரிக்ஸ்) ஒன்று வந்துவிட்டால், கீபோர்டில் இருக்கும் அடைப்புக்குறியையே எடுத்து கோரல்டிராவில் மேலும் கீழும் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். உயரம் வந்துவிடும், குறி கெட்டுவிடும். சதுர அடைப்பை மூன்று மடங்கு இழுத்தால் நிற்கும் கோடு பழைய தடிமனிலேயே இருக்க, மேலும் கீழும் உள்ள குட்டைக் கோடுகள் மட்டும் மூன்று மடங்கு தடித்துப்போகும். சரி, இழுக்காமல் எழுத்தளவைக் கூட்டலாமே என்றால், அப்போது எல்லாக் கோடும் தடித்து, அகலமும் கூடி, உள்ளே இருக்கும் எண்களை விட அடைப்புதான் முதலில் கண்ணில் படும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான், அதனால் இந்த வேலையிலிருந்து தப்பிக்க வழியில்லை.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். உள்ளே இருப்பதன் மொத்த உயரத்தை அளந்து அடைப்பைப் போடுவதில்லை. கழித்தல் குறியும் பின்னக்கோடும் எந்த மட்டத்தில் ஓடுகின்றனவோ அதுதான் கணித அச்சு. அந்த மட்டத்திலிருந்து மேலே எவ்வளவு போகிறது, கீழே எவ்வளவு போகிறது என்று தனித்தனியாக அளந்து, எது பெரிதோ அதை இரண்டால் பெருக்க வேண்டும். அடைப்பு எப்போதும் அச்சுக்கு மேலும் கீழும் சமமாக நிற்கும், அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

கணிதத்தைக் கட்டளை எழுதி அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளில், அடைப்புக்கு முன்னால் லெஃப்ட், ரைட் என்று கட்டளை கொடுத்தால் இதைத்தான் செய்கிறது. இரட்டித்த அளவில் 90.1 சதவீதம் ஒரு பக்கம், இரட்டித்த அளவில் 5 பாயிண்ட் (எழுத்தளவை அளக்கும் அலகு) குறைத்தது இன்னொரு பக்கம், இரண்டில் எது பெரிதோ அந்த உயரமாவது இருக்கும் முதல் குறியை எடுத்துக்கொள்ளும். முதல் எண் டெலிமிட்டர்ஃபேக்டர் என்ற பெயரில் 901 என்று இருக்கும், அடுத்தது டெலிமிட்டர்ஷார்ட்ஃபால், இரண்டையும் நாமே மாற்றலாம். சுமார் 50 பாயிண்ட் உயரம் வரை சதவீதக் கணக்கு ஆளும், அதற்கு மேல் 5 பாயிண்ட் கணக்கு. அதாவது அடைப்பு உள்ளே இருப்பதை விடக் கொஞ்சம் குட்டையாக நின்றால் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள், முழுக்க மூடினால் பக்கம் கனத்துப்போகும் என்பதால். அணிக்கோவையின் நேர்கோடுகளுக்கு மட்டும் எனக்கு இந்தக் குட்டை பிடிப்பதில்லை, மேல் வரிசையில் ஒரு அடுக்கு எண் இருந்தால் அது கோட்டுக்கு வெளியே தலையை நீட்டும். அந்த ஒரு இடத்தில் ஷார்ட்ஃபாலைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

எண்களோடு பார்த்தால் எளிது. 10 பாயிண்ட் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருவில் அச்சு, எழுத்துகள் உட்காரும் அடிக்கோட்டிலிருந்து 2.5 பாயிண்ட் மேலே. சாதாரண அடைப்பு 10 பாயிண்ட், அதற்கு மேல் 12, 18, 24, 30 என்று நான்கு அளவுகள் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரிக்கு 12 பாயிண்ட் வீதம் இரண்டு வரிசை அணி 24 பாயிண்ட், தேவை 21.6, எனவே 24 பாயிண்ட் குறி வந்து நிற்கும். மூன்று வரிசை என்றால் 36, தேவை 32.4, கையிலிருக்கும் 30 பற்றாது. அங்கிருந்துதான் துண்டு சேர்த்துக் கட்டும் வேலை ஆரம்பிக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்தக் கணக்கு தெரிந்தால் வழக்கமான தொந்தரவுகள் தாமாகப் புரிந்துவிடும். சிக்மாவுக்கு அடியில் மட்டும் ஏதாவது எழுதியிருந்தால் கீழ்ப்பக்க அளவு பெருத்துவிடும், அடைப்பு மேலேயும் அதே அளவுக்குப் போய் வெறும் இடத்தை அணைத்துக்கொண்டு நிற்கும். தமிழ் வழி வினாத்தாளில் இன்னொன்று உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் இதைத் தேடிப் பயனில்லை. கணக் கட்டமைப்பு முறையில் ஃபிளவர் பிராக்கெட்டுக்குள் ‘ஒற்றைப்படை முழு எண்கள்’ என்று எழுதுகிறோம், அந்த ‘ழு’ அடிக்கோட்டுக்குக் கீழே நன்றாக இறங்கும். 3.5 பாயிண்ட் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் அச்சிலிருந்து 6 பாயிண்ட், இரட்டித்தால் 12, தேவை 10.8. சாதாரண 10 பாயிண்ட் குறி தோற்று, 12 பாயிண்ட் குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வரியில் வெறும் எண்களோடு இருக்கும் கணத்துக்குச் சின்ன அடைப்பு, இதற்குப் பெரிய அடைப்பு, ப்ரூஃப் பார்க்கும் ஆசிரியர் ஏன் என்று கேட்பார். இந்த மாதிரி இடங்களில் லெஃப்ட், ரைட் இல்லாமல் வெறும் அடைப்பையே போடுங்கள், அல்லது தமிழ்ச் சொல்லை ஸ்மேஷ் கட்டளைக்குள் வைத்தால் அதன் உயரம் கணக்கில் சேராது.

பொதுவாகவே என் பழக்கம், அணிக்கும் உயரமான பின்னத்துக்கும் மட்டும் தானாக வளரும் அடைப்பு, மற்ற இடங்களில் பிக் வரிசைக் கட்டளைகள். அவை நான்கும் மேலே சொன்ன 12, 18, 24, 30-தான். அடைப்புக்குள் அடைப்பு வரும்போது தானியங்கி இரண்டையும் ஒரே உயரத்தில் போட்டுவிடும், வெளி அடைப்பை ஒரு படி ஏற்ற நம் கைதான் வேண்டும். இடப்பக்கக் கட்டளையின் கடைசியில் எல், வலப்பக்கத்தில் ஆர் என்ற எழுத்தைச் சேர்க்க மறக்காதீர்கள், அப்போதுதான் திறப்பது எது மூடுவது எது என்று தெரிந்து இடைவெளி சரியாக விழும். லெஃப்ட், ரைட் போட்டால் சைன், காஸ் போன்றவற்றுக்கும் அடைப்புக்கும் நடுவில் தேவையில்லாத ஒரு மெல்லிய இடைவெளி வரும், நடுவில் வரியும் உடையாது. ஏ4 தாளில் இரண்டு பத்தியாக வினாத்தாள் அடிக்கிறவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய தலைவலி.

இனி எழுத்துரு வரைபவர்களுக்கு. முதல் நான்கைந்து அளவுகளைத் தனித்தனியாக வரையுங்கள், சின்னதைப் பெரிதாக்கி ஒப்பேற்றாதீர்கள். உயரம் கூடக் கூடத் தடிமன் கொஞ்சமாகக் கூடலாம், அகலமும் கொஞ்சம், உயரத்தின் விகிதத்தில் கூடவே கூடாது. எல்லா அளவுகளும் அச்சை நடுவாக வைத்து நிற்க வேண்டும். ஓபன்டைப் வகை எழுத்துருவில் இவற்றை, கணிதத்துக்கான தகவல்களை வைக்கும் மேத் அட்டவணையில் சின்னதிலிருந்து பெரியது என்று வரிசையாகப் பதிய வேண்டும், ஒவ்வொன்றின் உயரத்தையும் கூடவே எழுத வேண்டும். மைக்ரோசாஃப்ட் இந்த அட்டவணையை கேம்பிரியா மேத்துக்காகக் கொண்டுவந்தது, அந்த எழுத்துரு ஆஃபீஸ் 2007-உடன் வெளியானது. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் இதையெல்லாம் இலவசமாகச் செய்யலாம். வரைந்த பிறகு வடிவத்தை மாற்றினால் பதிந்த உயரத்தையும் மாற்றுங்கள், மென்பொருள் அந்த எண்ணை நம்பித்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.

அதற்கு மேல் எத்தனை உயரம் வேண்டுமென்றாலும் துண்டுகளைச் சேர்த்துதான். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசை நீளமாக்க நடுவில் கண்ணிகளைத்தான் கூட்டுவார்கள், இரண்டு முனையிலும் இருக்கும் கொக்கி அப்படியே இருக்கும், இதுவும் அப்படித்தான். அடித்துண்டு, மேல்துண்டு, நடுவில் திரும்பத் திரும்ப வரும் நேர்த்துண்டு. மேத் அட்டவணையில் கீழிருந்து மேலாக எழுத வேண்டும், தலைகீழாக எழுதி முழிப்பவர்கள் நிறையப் பேர். ஃபிளவர் பிராக்கெட்டுக்கு நடுவில் மூக்குத்துண்டு ஒன்று கூடுதல், அதன் இரண்டு பக்கமும் நேர்த்துண்டு வர வேண்டும், ஒரு பக்கம் விட்டுவிட்டால் மூக்கு அச்சை விட்டு நகர்ந்துவிடும்.

லாடெக்குக்கு அடிப்படையான டெக்கின் பழைய எழுத்துருக்களில் துண்டுகள் முட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, அதனால் உயரம் படிப்படியாகத்தான் கூடும். ஓபன்டைப்பில் ஏறலாம். எவ்வளவு ஏறலாம் என்பதைத்தான் பலரும் கணக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். மேல்துண்டும் அடித்துண்டும் 900 யூனிட் (எழுத்துருவுக்குள் அளக்கும் அலகு), நேர்த்துண்டு 600, குறைந்தது 20 யூனிட் ஏற வேண்டும், அதிகபட்சம் 200 ஏறலாம் என்று வைத்திருக்கிறீர்கள் என்போம். நேர்த்துண்டே இல்லாமல் 1600 முதல் 1780 வரை கிடைக்கும். ஒரு நேர்த்துண்டு சேர்த்தால் 2000 முதல் 2360 வரை. நடுவில் 1780-க்கும் 2000-க்கும் இடையே எதுவும் கிடையாது, 1800 யூனிட் கேட்டால் 2000 வந்து நிற்கும். அதிகபட்ச ஏற்றத்தை 310 ஆக்குங்கள், ஒரு நேர்த்துண்டோடு குறைந்த உயரம் 1780 ஆகிவிடும், அந்த இடைவெளி அடைபட்டுவிடும். நேர்த்துண்டின் பாதியை விடக் கொஞ்சம் கூடுதல் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதற்காக மேல்துண்டிலும் அடித்துண்டிலும் 310 யூனிட்டுக்கு வளைவே இல்லாத நேர்ப்பகுதி இருக்க வேண்டும், மீதி 590-க்குள் வளைவை முடிக்க வேண்டும், வரையும்போதே இதை யோசிக்காவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் திரும்ப வரைய நேரும். சேரும் இடத்தில் கோட்டின் இரண்டு ஓரமும் ஒரே எண்ணில் இருக்கட்டும், ஒரு யூனிட் விலகினாலும் பெரிதாக அச்சடிக்கும்போது படிக்கட்டு தெரியும். துண்டுகளின் தடிமன், தனியாக வரைந்த மிகப் பெரிய அளவின் தடிமனோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வரிசை அணியும் மூன்று வரிசை அணியும் வேறு வேறு எழுத்துரு மாதிரி இருக்கும்.

முடிந்ததும் ஒன்று முதல் எட்டு வரிசை வரை அணிகளை ஒரே தாளில் போட்டு அச்செடுங்கள். லேசரில் மட்டும் பார்த்து திருப்திப்பட வேண்டாம், வினாத்தாள் கடைசியில் ரைசோ நகல் இயந்திரத்தில்தான் ஓடும், வளைவு அடைப்பின் கூரான நுனி அதில் காணாமல் போகும். ரைசோ பிரதியில் நுனி விட்டுவிட்டு வந்தால், நடுக்கோட்டைத் தொடாமல் நுனியை மட்டும் கொஞ்சம் தடிக்க வையுங்கள்.