விறகு டன்னும் எரிவாயு கன மீட்டரும்: எரிபொருள் கணக்கை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் முறை

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் கொதிகலனுக்கு விறகு டன் கணக்கிலும், ஜெனரேட்டருக்கு டீசல் லிட்டர் கணக்கிலும், தொழிலாளர் சமையலறைக்கு எரிவாயு 19 கிலோ சிலிண்டரிலும் வந்து இறங்குகின்றன. இவற்றுக்குப் பதிலாகக் குழாய்வழி இயற்கை எரிவாயுவை எடுக்கலாமா என்று யோசிக்கும்போது, அதன் அளவு கன மீட்டரிலும் சந்தை விலை எம்எம்பிடியுவிலும் (பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு) சொல்லப்படுவதால், எது மலிவு என்பது குழம்பிப் போகிறது. எல்லாவற்றையும் வெப்பத்தின் அளவான கிலோகலோரிக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்று எண்கள் இரண்டே. மின்சாரத்தில் 1 யூனிட் என்பது 860 கிலோகலோரி. 1 எம்எம்பிடியு என்பது ஏறத்தாழ 2,52,000 கிலோகலோரி.

அடுத்தது வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோ, லிட்டர் அல்லது கன மீட்டர் எரிபொருள் எரிந்து தரும் வெப்பம். எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் அது மொத்த மதிப்பு. அதைக் கழித்தால் நிகர மதிப்பு. நம் நாட்டில் இயற்கை எரிவாயுவின் விலை மொத்த மதிப்பின்படி பேசப்படுகிறது. கொதிகலன் விவரத்தாளிலோ பெரும்பாலும் நிகர மதிப்பே இருக்கும். இயற்கை எரிவாயுவில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 10 சதவீத வேறுபாடு உண்டு என்பதால், எந்த மதிப்பு என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கத் தயங்கக் கூடாது. நிகர மதிப்பாக, சமையல் எரிவாயுவுக்குக் கிலோவுக்கு 10,900, இயற்கை எரிவாயுவுக்குக் கன மீட்டருக்கு 8,500, டீசலுக்கு லிட்டருக்கு 8,600 கிலோகலோரி என்று தோராயமாகக் கொள்ளலாம். அப்படியானால் 19 கிலோ சிலிண்டர் ஒன்று 2,07,100 கிலோகலோரி. அதை 8,500ஆல் வகுத்தால் சற்றேறக்குறைய 24 கன மீட்டர் வருகிறது. சிலிண்டருக்கு மொத்த மதிப்பையும் (சுமார் 11,900) குழாய் வாயுவுக்கு நிகர மதிப்பையும் கலந்து போட்டால், அதே சிலிண்டர் 26 கன மீட்டருக்கு மேல் என்று தவறாகக் காட்டும்.

விறகில்தான் மிகுந்த கவனம் வேண்டும். எடைமேடை விறகோடு அதிலுள்ள தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறது. ஈரம் 25 சதவீதமாக இருக்கும் விறகில் கிலோவுக்குச் சுமார் 3,150 கிலோகலோரி கிடைக்கும்; ஐப்பசி மழையில் நனைந்தோ, வெட்டிய சூட்டோடோ வந்து ஈரம் 45 சதவீதமாகிவிட்டால், அது ஏறக்குறைய 2,150ஆகச் சரிகிறது. ஒரே டன் விலைக்கு மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைகிறது என்பதால், லாரிக்கு லாரி ஈரம் பார்த்துப் பதிவது வீண் வேலை ஆகாது. 25 சதவீத ஈரமுள்ள காய்ந்த விறகு 1 டன்னை வெப்பத்தால் மட்டும் ஒப்பிட்டால் 370 கன மீட்டர் எரிவாயுவுக்குச் சமம். ஆனால் விறகுக் கொதிகலனின் திறன் (எரிபொருளின் வெப்பத்தில் நீராவிக்குப் போய்ச் சேரும் பங்கு) 68 சதவீதம், எரிவாயுக் கொதிகலனின் திறன் 86 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே நீராவிக்கு 293 கன மீட்டரே போதும். உங்கள் கொதிகலனின் திறனை அளந்து, அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எரிவாயு மீட்டர் காட்டும் கன மீட்டரும் பில்லில் வரும் கன மீட்டரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பில்லில் உள்ளது 15 டிகிரி செல்சியஸிலும் 1.013 பார் அழுத்தத்திலும் உள்ள வாயுவின் அளவு. குழாயில் அழுத்தமானி 2 பாரும் வெப்பநிலை 35 டிகிரியும் காட்டும்போது மீட்டரில் 100 கன மீட்டர் ஓடியிருந்தால், அழுத்தமானி வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே காட்டுவதால், முதலில் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் அது ஏறத்தாழ 0.97 பார். ஆகவே 2.97ஐ 1.013ஆல் வகுத்து, 288ஐ 308ஆல் (15 டிகிரியோடும் 35 டிகிரியோடும் 273ஐக் கூட்டிய கெல்வின் வெப்பநிலைகள்) வகுத்த விடையால் பெருக்கினால், சுமார் 2.74 வருகிறது, பில்லில் வர வேண்டியது 274 கன மீட்டர். திருத்தக் கருவி பொருத்தப்பட்ட மீட்டரில் இந்தப் பெருக்கல் முன்பே செய்யப்பட்டிருக்கும். அதன் மீது மறுபடியும் பெருக்கிவிடாதீர்கள்.