என் லேப்டாப்பில் தமிழ், அவர் போனில் குப்பை

கடலூர் முதுநகரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். இரவே போன். "தம்பி, தமிழே வரலப்பா, ஏதோ இங்கிலீஷா இருக்கு."

அவர் தந்தது நோட்டீஸுக்காகப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல். பாமினியில் தமிழ் வெறும் தோற்றம்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. என் லேப்டாப்பில் அந்த எழுத்துரு இருந்ததால் சரியாகத் தெரிந்தது. அவர் போனில் 'நெத்திலி' நடுவே ஓர் அரைப்புள்ளியோடு எட்டுக் குறிகளாக நின்றது. தன் கடைப் பெயரையே அவரால் படிக்க முடியவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன், அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டுக்கு மாற்றினேன். அப்புறமும் வேலை இருந்தது. பாமினியில் கொம்பை எழுத்துக்கு முன்னால் அடிப்பார்கள், யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வரவேண்டும். நான் எடுத்த மாற்றி அதைக் கவனிக்காமல் 'கொடுவா'வைப் பிய்த்துப் போட்டிருந்தது. இடையிலிருந்த 'ஜிபே' போன்ற ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குழப்பிவிட்டது. வரிவரியாகக் கையால் திருத்தினேன். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தளத்திலேயே ஏற்றினேன்.

2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு ஆணையிட்டுவிட்டது, அச்சகங்களில் பாமினி இன்னும் ஓடுகிறது. அதனால் இப்போது ஃபைல் வந்ததும் முதல் பத்தியை என் வாட்ஸாப்பில் ஒட்டி, தமிழாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறேன்.