கிடை ஆட்டை நம்பி ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு அரை ஏக்கர் பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ரகம்தான். உரக்கடைக் கடனைக் குறைக்க ஆட்டையும் கோழியையும் உள்ளே கொண்டுவந்தேன். முதல் முயற்சியில் அடிபட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் படுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

1. கிடை

நடவுக்கு முன், நிலம் சும்மா கிடக்கும் கோடையில் செம்மறிக் கிடை போடுங்கள், அதாவது மந்தையை இரவில் நிலத்திலேயே பட்டியில் அடைத்து வையுங்கள். பட்டியைத் தினமும் இடம் மாற்றச் சொல்லுங்கள். விடிந்ததும் மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் காய்ந்தால் சத்து காற்றோடு போய்விடும்.

2. நடவு

10 அடிக்கு ஒன்றாக, 2 அடி அகலம் 2 அடி ஆழத்தில் நீளவாக்கில் குழி எடுங்கள். தொழு உரம், கொழிஞ்சித் தழை போட்டு மூடி ஆறவிடுங்கள். ஆனி, ஆடியில் வேர்விட்ட குச்சியை ஆறேழு அடிக்கு ஒன்றாக நடலாம். பந்தல் போடுவதை அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் விட்டுவிடுங்கள். கொடியை ஒற்றைத் தண்டாக ஏற்றி, பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி இரண்டு பக்கமும் பிரியவிடுங்கள்.

3. ஆட்டை எப்போது விடுவது?

நான் சறுக்கியது இங்கேதான். களை மண்டிவிட்டதே என்று முதல் வருடமே செம்மறிகளை விட்டேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் இளங்கொடிகளை மொட்டையடித்திருந்தன. தண்டு முற்றிப் பட்டை கட்டி, இலையெல்லாம் பந்தலுக்கு மேலே போகும்வரை ஆடு வேலிக்கு வெளியேதான். வெள்ளாடு என்றால் எப்போதுமே வேண்டாம். முன்னங்காலைத் தூக்கி நின்று பந்தலையே மேயும்.

இதைவிடப் பெரிய விஷயம் போர்டோ கலவை. இலையின் அடியில் பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய்க்கு இயற்கை முறைக்காரர்களும் இதைத்தான் அடிக்கிறார்கள்: ஒரு கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் டிரம்மில் கலக்குங்கள், இரும்பு வேண்டாம். கலவையில் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இந்தத் தாமிரம் செம்மறிக்கு ஆகாது. ஈரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்து, ஆடு விழுந்துவிடும். எனக்கு ஒரு கிடாய் அப்படிப் போன பிறகுதான் கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்தது. மருந்து அடிக்கும் பருவத்தில் தோட்டத்துப் புல்லை அறுத்துக்கூடப் போடாதீர்கள். இங்கே இரண்டு வருடத்துக்கு ஐந்து அறுவடை எடுப்பதால் கொடிக்கு ஓய்வே குறைவு. அறுவடை முடிந்து, நல்ல மழை பெய்து, புதுப்புல் முளைத்தால் மட்டும் விடுகிறேன். சில வருடம் அந்த வாய்ப்பே வராது. அப்போது கிடை எருவை வெளியில் சேர்த்துக் கொண்டுவந்து போடுகிறேன்.

பின்சேர்க்கை

கவாத்தில் வெட்டிய தழையை ஆட்டுக்குப் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இலையில் போர்டோ கலவையின் நீலத்திட்டு இருக்கும், போடாதீர்கள். எருக்குழிக்குப் போகட்டும்.

கோழி பற்றியும் கேட்டிருந்தார்கள். என் ஓட்டு நாட்டுக்கோழிக்குத்தான், பிராய்லர் இரை தேடி அலையாது. ஆனால் நாட்டுக்கோழி புதுக்கன்றின் தூரைக் கிளறிப் போடும், சுற்றிலும் கல் அடுக்கிவிடுங்கள். பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நான் கோழிகளைக் கூண்டில் அடைத்துவிடுகிறேன். பந்தல்மேல் ஏறி உட்காரக் கற்றுக்கொண்டுவிட்டன.