சமநிலைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் பயிலும் பிளஸ் ஒன் மாணவர்களிடம் சமநிலை என்றால் என்னவென்று கேட்கும்போது, "எதுவும் மாறாமல் இருப்பது" என்ற விடையையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும்போது, திண்ணையில் வைத்த மண்பானைத் தண்ணீர் காற்றைவிடக் குளிர்ந்து, மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். ஆனால் அது சமநிலை அன்று. வெளியிலிருந்து வரும் வெப்பத்தை ஆவியாதல் அதே வேகத்தில் எடுத்துச் செல்வதால் வெப்பநிலை நிலைத்திருக்கிறது. தண்ணீரோ குறைந்துகொண்டே போகிறது. அதே தண்ணீரைக் காற்றுப் புகாத கலத்தில் அடைத்து வைத்தால், நாளடைவில் உள்ளும் புறமும் ஒரே வெப்பநிலையாகி, ஆவியாகும் வேகமும் ஆவி திரும்ப நீராகும் வேகமும் ஒத்துப்போகும். அதுவே சமநிலை, அங்கும் மூலக்கூறுகளின் போக்குவரத்து நிற்பதில்லை. சமமாவது வேகங்களே, வினைபடு பொருளும் விளைபொருளும் சம அளவில் இருக்க வேண்டியதில்லை.

இயற்பியலிலும் இதே கவனம் தேவை. மேலே எறிந்த பந்து உச்சியில் கணநேரம் நின்றாலும் அதன்மேல் புவியீர்ப்பு விசை இருப்பதால் அது சமநிலையில் இல்லை. விசைகளின் கூடுதல் சுழியானால் (பூஜ்ஜியமானால்) மட்டும் போதாது. பொருளைச் சுழற்ற முயலும் திருப்புவிசைகளின் கூடுதலும் சுழியாக வேண்டும்.

வேதியியலில் மாணவர் அதிகம் தடுமாறும் இடத்தைச் சுண்ணாம்புக் காளவாய் நன்கு விளக்கும். அங்கே சுண்ணாம்புக்கல் சூட்டில் சிதைந்து, சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் ஆகிறது. மூடிய கலத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில், சுண்ணாம்புக்கல்லும் சுட்ட சுண்ணாம்பும் சேர்ந்திருக்கும்வரை, கல்லை இரு மடங்காக்கினாலும் கார்பன் டை ஆக்சைடின் சமநிலை அழுத்தம் உயராது. சமநிலையில் விளைபொருள், வினைபடு பொருள் அளவுகளுக்கிடையே குறிப்பிட்ட வெப்பநிலையில் மாறாதிருக்கும் விகிதமே சமநிலை மாறிலி. தூய திண்மங்கள் அதில் இடம்பெறுவதில்லை.

வினை தானாக எத்திசையில் நடக்கும் என்பதைக் காட்டுவது கட்டிலா ஆற்றல் மாற்றம். எல்லாப் பொருள்களும் திட்ட நிலையில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடுவது அதன் திட்ட மதிப்பு. இந்தத் திட்டக் கட்டிலா ஆற்றல் மாற்றம் நேர்குறியானால் வினையே நடக்காது என்று எழுதுவது இதைவிடப் பெரிய தவறு. சமநிலையில் சுழியாவது அப்போதைய உண்மை நிலைக்குரிய மாற்றமே. திட்ட மதிப்போ சமநிலை மாறிலியை மட்டும் நிர்ணயிக்கிறது. 800 டிகிரி செல்சியஸில் சுண்ணாம்புக்கல் சிதையும் வினையின் திட்ட மதிப்பு நேர்குறிதான். அங்கே வாயுவின் சமநிலை அழுத்தம் கால் வளிமண்டல அழுத்தத்துக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் காளவாய் திறந்திருப்பதால், காற்றோட்டம் வாயுவை வெளியேற்றி அதன் அழுத்தத்தை அந்த அளவுக்குக் கீழே வைத்திருக்கும்வரை, கல் தொடர்ந்து சுண்ணாம்பாகிக்கொண்டே இருக்கும்.