தூரத்தை வேகத்தால் வகுத்தால் விமானம் வந்து சேராது

டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தூரம் சுமார் 12,370 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. பறக்கும். வகுத்துப் பார்த்து, பதினான்கு மணி நேரத்துக்குள் மகன் வீட்டில் காபி குடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. பயணமோ 16 மணி நேரத்தை ஒட்டி வரும்.

அந்த 12,370 பூமி உருண்டைமேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். நூல் சைபீரியா மேலேறி, ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கும். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் கோடு போட்டால் இது தெரியவே தெரியாது. ஆனால் விமானமும் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. திபெத் பீடபூமிக்கு மேலே கேபின் காற்றழுத்தம் போய்விட்டால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும். தரையே அதைவிட உயரம். அதனால் சுற்றிப் போவார்கள். 2022 முதல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடிக் கிடக்கிறது, ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை. ஊர் இரண்டும் அதேதான், வழி வேறு.

காற்றை மறப்பதுதான் பெரிய தவறு. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தடத்தில் அட்லாண்டிக் பக்கத்தை விட்டு, பசிபிக் வழியாகப் பறந்தது. அட்லாண்டிக் வழியைவிடச் சுமார் 1,400 கி.மீ. கூடுதல் தூரம், ஆனாலும் பின்னாலிருந்து தள்ளும் முதுகுக் காற்றில் 15,300 கி.மீ.யைப் பதினாலரை மணி நேரத்தில் முடித்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்தது. கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறவருக்கு இது புரியாத புதிர்.

சில இணையதளங்கள் தூரத்தைக் கடல் மைலில் தரும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தூரம் கடல் மைலில் 6,680. அதைச் சாதா மைல் என்று நினைத்துப் பெருக்கினால் 1,600 கி.மீ. காணாமல் போகும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரம். ஜனவரியில் அதிகாலை 4 மணிக்கு டெல்லியில் ஏறினால், 16 மணி நேரம் பறந்து, அதே நாள் காலை 6.30க்கு இறங்குவீர்கள். இரண்டரை மணி நேரப் பயணம் போலத் தெரியும்! திரும்பும்போது சனி காலை 9க்குக் கிளம்பினால் ஞாயிறு மதியம் 2.30. அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் இடையிலான பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம் நவம்பர்வரை பன்னிரண்டரை ஆகிவிடும்.

'டைரக்ட்' என்று போட்டிருந்தால் நடுவில் நிற்காது என்று அர்த்தமில்லை. அதே விமான எண்ணோடு ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்' மட்டுமே. சென்னையிலிருந்து போகிறவர்கள் டெல்லி வரையிலான பயணத்தையும் அங்கே காத்திருப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இன்னொரு விமானம் மாறுவதாக இருந்தால், குடிநுழைவு வரிசை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஒன்றரை மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் போட்டவர்கள் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்.