அப்பாயிக்கு எந்தக் கேபின்? குடும்பக் கப்பல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்களுக்கு ஒரு சின்ன டிக்கெட் கடை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மிச்சப் பேர் சென்னைக்கோ திருச்சிக்கோ கோயில் குளம் பார்க்கப் போகிறவர்கள். கப்பல் பயணம் கேட்டு வருவது இந்த இரண்டு மூன்று வருஷப் பழக்கம்தான். கதையும் அநேகமாக ஒன்றே. டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் தம்பி, "நீங்க சிங்கப்பூர் வரைக்கும் வந்துருங்க, அங்கருந்து எல்லாரும் ஒண்ணா கப்பல்ல போவோம்" என்று சொல்லியிருப்பார். அண்ணன் குடும்பம் எங்கள் மேசைக்கு வரும்.

போன வருஷம் ஆகஸ்ட் லீவுக்கு முன்னால் வந்த குடும்பத்தில் மொத்தம் எட்டுப் பேர். அண்ணன், அண்ணி, பதினைந்து வயது மகள், நாலு வயது மகன், எழுபத்து மூன்று வயது அப்பாயி (பிள்ளைகளுக்கு அப்பாவின் அம்மா) இங்கிருந்து. தம்பி, அவர் மனைவி, பத்து மாதக் குழந்தை அங்கிருந்து. அண்ணன் போனில் காட்டியதெல்லாம் தண்ணீர்ச் சறுக்கு. எத்தனை சறுக்கு, எத்தனை மாடி, எந்த வருஷத்துக் கப்பல் என்று அரை மணி நேரம் அதே பேச்சு. சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்த அப்பாயி கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "காலை நீட்டிப் படுக்க எடமிருக்குமா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் போனார்கள். கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். அப்பாயியின் அக்கா குடும்பமும் அப்படித்தான் போனது. அந்தத் தலைமுறையிடம் "கப்பலேறிட்டாங்க" என்று சொன்னால் உல்லாசப் பயணம் ஞாபகத்துக்கு வராது. இனிமேல் பார்க்கக் கிடைக்காது என்றுதான் அர்த்தம்.

நான் பார்க்கிற முதல் தவறு, பெரிய தவறு, இங்கேதான் இருக்கிறது. காசு கட்டுகிறவர் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார். மற்ற எல்லோரையும் 'குடும்பம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார். நாலு வயதுக்கு வேண்டியது வேறு, பதினைந்துக்கு வேறு, எழுபத்து மூன்றுக்கு வேறு. புதுக் கப்பல் கட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஏறப்போகிற நாம்தான் யோசிப்பதில்லை.

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ரோயல் கரீபியனின் 'ஐகன் ஒஃப் த சீஸ்' கப்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நீச்சல் தடாகம், ஆறு சறுக்கு என்றுதான் படம் போடுவார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது, அந்தக் கப்பலை ஓர் ஊரைப் போலப் பேட்டை பேட்டையாகப் பிரித்திருக்கும் விதம். ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ளவர்களை நினைத்து 'சர்ஃப்சைட்' என்று ஒரு பகுதி: குட்டிக் குளம், கைக்கெட்டும் தூரத்தில் சாப்பாடு, பிள்ளை கண்ணில் படுகிற மாதிரிப் பெற்றோருக்கு இருக்கை. சத்தம் ஆகாதவர்களுக்கு நிஜச் செடி கொடி வளர்த்த பூங்கா. பெரியவர்களுக்கு மட்டும் என்று தனியாக ஒரு தடாகம். பகலில் ஆளுக்கொரு பக்கம் போகட்டும், சாப்பாட்டுக்கு வந்து சேரட்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. நம் ஆட்களோ பதுளை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட் பிடிக்கிற மாதிரி எட்டுப் பேரும் காலையிலிருந்து ஒன்றாகவே திரிய வேண்டும் என்று கிளம்புகிறார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் கட்டாயம் ஒரு சண்டை வரும். சறுக்கு வரிசையில் அப்பாயி வெயிலில் நிற்பார், பூங்காவில் பிள்ளை அழும், மகள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

இரவுச் சாப்பாட்டை மட்டும் கட்டாயமாக்குங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பல கப்பல்களில் பெரிய சாப்பாட்டு மண்டபத்துக்கு இரண்டு பந்தி உண்டு: ஆறு மணி சுமாருக்கு ஒன்று, எட்டு மணி சுமாருக்கு ஒன்று. டிக்கெட் போடும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறவரை எட்டரைப் பந்தியில் உட்காரவைத்தால், மூன்றாம் நாள் அவர் அறையை விட்டு வரவேமாட்டார்.

அடுத்தது, புதுசு என்றால் எல்லோருக்கும் நல்லது என்ற நினைப்பு. ஐகன் 365 மீட்டர் நீளம், 20 தளம். எங்கள் சிங்கமலை ரயில் சுரங்கத்தை ஒரு தரம் நடந்து கடந்தவர்களுக்குச் சொன்னால் புரியும், அதில் பாதிக்கும் மேலே நீளம் வரும். (அதன் 248,663 மொத்த டன் என்பதை எடை என்று பலர் எழுதுகிறார்கள். எடை இல்லை, கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் என்பதற்கான அளவு.) முழங்கால் வலி உள்ளவருக்கு, அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய் வருவதே ஒரு நாள் வேலை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போன 'எம்பிரஸ்' 1990இல் கட்டியது, ஐம்பதாயிரம் மொத்த டன்கூட இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது சலித்துப் போகலாம். வயதானவர்கள் அதிகமாக உள்ள குடும்பம் என்றால் நான் அந்த அளவுக் கப்பலைத்தான் முதலில் காட்டுவேன். விற்கிறவன் இதைச் சொல்லக் கூடாதுதான். சரி, சொல்லிவிட்டேன்.

புதுக் கப்பலின் முதல் பயணத்துக்கே இடம் பிடிப்பது இன்னொரு ஆசை. டிஸ்னியின் 'டிஸ்னி அட்வென்ச்சர்' 2025 டிசம்பர் 15இல் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவதாக இருந்தது. அப்புறம் 2026 மார்ச் 10க்குத் தள்ளிவைத்தார்கள். கம்பனி கப்பல் காசைத் திருப்பிக் கொடுத்தாலும் டிசம்பர்ப் பள்ளிக்கூட லீவைத் திருப்பிக் கொடுக்க முடியாதே. விமான டிக்கெட், தம்பி டொரொன்டோவில் எடுத்த லீவு, எல்லாமே அந்தத் தேதியில்தானே தொங்குகிறது? கப்பல் ஓடத் தொடங்கி நாலைந்து மாதம் கழித்துப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்னொன்று, அந்தக் கப்பலுக்கு அறிவித்தவை மூன்று நாலு இரவுப் பயணங்கள், நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காதவை. பிள்ளைகளுக்கு அதுவே சொர்க்கம். "பினாங்குக் கோயிலப் பாத்துட்டு வரலாம்" என்று நம்பி ஏறும் பெரியவருக்கு மூன்று நாளும் கடல்தான். நிற்கும் துறைமுகங்களின் பட்டியலைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் தவறு நடப்பது விதிகளை வாசிக்காததால். பல கம்பனிகள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. நீண்ட கடற்பயணம் என்றால் பன்னிரண்டு மாதம் கேட்பார்கள். 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளையும் ஏற்றமாட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இலவச கிளப் பெரும்பாலும் மூன்று வயதிலிருந்துதான், அதுவும் டயப்பர் பழக்கம் விட்ட பிள்ளைகளுக்கு. டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்க விடுவதில்லை. சறுக்குக்கு உயர அளவு உண்டு. அண்ணனின் நாலு வயது மகனைச் சுவரோடு நிறுத்தி டேப் வைத்துப் பார்த்தேன், 38 அங்குலம். அவர் போனில் காட்டிய சறுக்கு ஒன்றிலும் அவன் ஏற முடியாது. யாருக்காக அந்தக் கப்பல் என்று அப்போதுதான் அண்ணனே யோசித்தார்.

பதினைந்து வயது மகள் வாய் திறக்கவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் மேசைக்கு வந்து எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள்: வைஃபை, தனியாக இருக்க ஓர் இடம். வைஃபைக்குப் பெரும்பாலும் தனிக் காசு, அதை முதலிலேயே கணக்கில் போடுங்கள். 13 முதல் 17 வயதுக்காரர்களுக்குத் தனி இடம் வைத்திருக்கிறார்கள், அங்கே அம்மா அப்பா போய் எட்டிப் பார்க்க முடியாது. இதைச் சொன்னதும் அண்ணி முகம் மாறியது. பெண் பிள்ளை ஆயிற்றே. இராத்திரி எத்தனை மணிக்கு அறைக்கு வர வேண்டும், எந்தத் தளத்துக்குப் போகக் கூடாது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், கப்பலில் வைத்து ஆரம்பிக்காதீர்கள் என்றேன்.

அறை பிரிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அப்பாயியையும் பேத்தியையும் ஒரே அறையில் போடுவது எழுதாத சட்டம். எட்டு மணிக்குத் தூங்கி விடிகாலை நாலரைக்கு எழுந்து திருநீறு பூசுகிறவரும், பதினொரு மணிக்கு வந்து பத்து மணி வரை தூங்குகிறவளும் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள். ஒரு கேபினில் மூன்றாம், நாலாம் ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால் இப்படி நெருக்குகிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். அத்தோடு பல கம்பனிகள் பணியாளர் டிப்ஸ் என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு டொலர் என்று கடைசி பில்லில் சேர்க்கும், குழந்தைக்கும் சேர்த்து. எட்டுப் பேர், நாலு இரவு என்று பெருக்கிப் பாருங்கள்.

கினிகத்தேனை மலை வளைவில், வாந்தி வருமென்று ஷொப்பிங் பேக்கை வாயில் பிடித்துக்கொண்டு போகிற நமக்குக் கப்பல் என்றாலே பயம். பெரிய கப்பல்களில் ஆட்டத்தை அடக்கப் பக்கங்களில் மீன் துடுப்பு மாதிரித் தகடுகள் உண்டு, பஸ் மாதிரி வெட்டி வெட்டித் திருப்பாது. மலாக்கா நீரிணைப் பக்கம் இரு பக்கமும் நிலம் இருப்பதால் அலையும் குறைவு. இருந்தாலும் பால்கனி ஆசையில் மேல்தளத்தில் முன்பக்கம் அறை எடுப்பது தவறு, ஆட்டம் அங்கேதான் அதிகம். நடுவில், கீழ்த் தளத்தில் எடுங்கள். குளத்துக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம், விடிய முன்பே மேலே கதிரை இழுக்கும் சத்தம் கேட்கும். அப்பாயிக்கு நான் போட்டது நடுப்பகுதியில், லிஃப்டுக்கு நாலு கதவு தள்ளி, ஜன்னல் வைத்த அறை. காலை நீட்டிப் படுக்க இடமிருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னேன்.

விசா. ஒரே குடும்பம், இரண்டு வகைப் பாஸ்போர்ட். தம்பியின் கனடாப் பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்படாதது அண்ணனுக்குத் தேவைப்படலாம். சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம் என்பதை வைத்து, நடுவில் நிற்கும் நாடுகளுக்கும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். "நாங்க எறங்க மாட்டோம், கப்பல்லயே இருப்போம்" என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடாது, ஏறும் இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சென்னையில் ஏறி வெளிநாட்டுத் துறைமுகம் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணமென்றால் இந்திய விசா பல தடவை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து என்று வேறு இருக்கும். துறைமுகத்தில் வைத்துக் கண்டுபிடித்தால் மானம் கப்பலேறும், ஆள் ஏற முடியாது.

பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். பிரஷர், சீனி வருத்தக் குளிசைகளைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. கைப்பையில் வையுங்கள். கப்பல் டாக்டரின் பில் பெரிதாக வரும், காப்புறுதி இல்லாமல் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். தேத்தண்ணி போடக் கேத்தல் கொண்டு போனால் தீ விபத்துப் பயத்தில் பெரும்பாலும் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்கள் மறக்கவே கூடாதது: சிங்கப்பூருக்குள் வாய்ப் புகையிலை கொண்டு போகத் தடை. அப்பாயியின் வெற்றிலைப் பையை நானே வாங்கிப் பார்த்து, புகையிலைத் துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தேன். அப்பாயிக்கு என்மேல் இன்னும் கோபம்.

கடைசியாகப் பாதுகாப்புப் பயிற்சி. 2012இல் இத்தாலியில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 ஜனவரி முதல், கப்பல் கிளம்பும் முன்னரோ கிளம்பிய கையோடோ நடத்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. இப்போது பல கப்பல்களில் போனில் வீடியோ பார்த்துவிட்டு, நமக்குக் குறித்த இடத்துக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். பிள்ளைகள் நேரே குளத்துக்கு ஓடிவிடுவார்கள், பெரியவர்கள் "நமக்கெதுக்கு" என்று படுத்துவிடுவார்கள். இரண்டும் தவறு. அப்பாயிக்கு இதை எப்படி விளக்குவது என்று யோசித்து, "கப்பல்லயும் பெரட்டு உண்டு" என்றேன். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிவதுதான் பெரட்டு, பிந்தினால் 'அரப்பேரு', அதாவது அரை நாள் சம்பளம். உடனே புரிந்துகொண்டார்.

திரும்பி வந்த பிறகு அண்ணி கடைக்கு வந்து கதை சொன்னார். கப்பல் நகர்ந்தபோது அப்பாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு நின்று, "ஒருத்தருகூட அழுவலியே" என்றாராம். அதற்கு முன்னால், பயிற்சிக்கு எட்டுப் பேரில் முதலாவதாகப் போய் நின்றவரும் அவர்தான். லிஃப்டுக்குள் பேரப் பிள்ளைகளை விரட்டியிருக்கிறார்: "பெரட்டுக்குப் பிந்தினா அரப்பேருதான், ஓடுங்க!"