சீமைக்கருவேலத்துக்குள் வண்டியை இறக்கும் முன்

ராமநாதபுரம் பக்கம் நாலைந்து வருடம் தரிசாகக் கிடந்த நிலம் என்றால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். டிராக்டரில் மல்ச்சரை, அதாவது புதரை வெட்டித் துண்டு துண்டாக்கும் கருவியை, மாட்டி ஓட்டினால் சீக்கிரமே வெளி தெரியும், பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மழை விழட்டும், அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பும். அதனால் மல்ச்சரை விரல் மொத்தக் குச்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை மொத்தத்தைத் தாண்டிவிட்டால் ஜேசிபிதான். தரைக்குக் கீழே ஒரு முழமாவது தோண்டித் தூரை எடுக்க வேண்டும், திரும்பத் தளிர்ப்பது அந்த இடத்திலிருந்துதான். மழை பெய்து சில நாள் கழித்து வண்டியைக் கூப்பிட்டால் வேர் லேசாக வரும், மணிக்கணக்கு வாடகையும் மிச்சம்.

முதலில் நடந்தே ஒரு சுற்று வாருங்கள். பழைய கம்பிவேலி, எல்லைக்கல், சுவர் இல்லாத பாழுங்கிணறு எல்லாம் புதருக்குள் இருக்கும்; டிரைவருக்கு எப்படித் தெரியும்? குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிடுங்கள். மல்ச்சர் ஓடும்போது கல் தெறிக்கும், வேடிக்கை பார்க்கிறவர்களைத் தூர நிற்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஆடுமாடு. நெற்றைத் தின்றுவிட்டு வந்து போடும் சாணியிலும் புழுக்கையிலும் விதை முளைக்கும். முதல் வருடம் அந்தச் செடிக்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.